தையல் குழுத் தோழிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழிகளுக்கும், நம்மோடு இருக்கும் டெய்லர் அண்ணன் தம்பிகளுக்கும்,



வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பேஸ்புக்கிலும் நாம் நடத்துகிற தையல் குழுக்களைப் பற்றிய கடிதம் இது. பிளவுஸ் கட்டிங் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அதில் பாதியை இந்தக் குழுக்களில்தான் செய்கிறேன். டேப்பை எங்கே வைத்து அளவெடுப்பது என்று தெரியாமல் உள்ளே வந்து, இன்று கல்யாண ஆர்டர் எடுக்கிற பெண்களை இவை உருவாக்கியிருக்கின்றன. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசமாக மெஷின் கிடைத்தும், என்ன செய்வதென்று தெரியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தவர்கள் இங்கே வந்து முதல் பிளவுஸை வெட்டியிருக்கிறார்கள். கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கிறது என்று நடுராத்திரியில் போட்டோ போட்டாலும் பதில் சொல்ல ஒருத்தி விழித்திருப்பாள். இந்தக் குழுக்கள் சண்டையில் உடைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில், புதிதாகத் தைக்கப் பழகும் ஒரு பெண் தன் பிளவுஸின் முதுகுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாள். பானைக் கழுத்து, நடுவில் இலை வடிவத் திறப்பு, கீழே நாடா கட்டிக் குஞ்சம். பைப்பிங் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது, மற்றபடி நல்ல வேலை. உடனே மூத்த உறுப்பினர் ஒருவரிடமிருந்து வந்தது: “இது என் டிசைன். போன மாசமே என் சேனல்ல போட்டாச்சு. காப்பிரைட் என்கிட்ட இருக்கு. டெலீட் பண்ணலைன்னா நடவடிக்கை எடுப்பேன்.” அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுப் படத்தை நீக்கினாள், குழுவை விட்டும் போய்விட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே இன்னொருத்தி கேட்டாள்: “அக்கா, 36 சைஸ் பிரின்சஸ் கட் பேட்டர்ன் பிடிஎஃப் யார்கிட்டயாவது இருந்தா போடுங்க ப்ளீஸ்.” சில நிமிடங்களில் வந்து விழுந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் அதை வரைந்து விற்கிற பெண்ணின் கடைப் பெயர் இருந்தது. கும்பிடும் கைகளும் இதயங்களும் வரிசையாக வந்தன.

காலையில் அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு மாலையில் நடந்தது. சட்டப்படியும் அப்படித்தான், நியாயப்படியும் அப்படித்தான். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றுக்காக ஒருத்தியை விரட்டினோம். இன்னொருத்திக்குச் சொந்தமானதை அள்ளிக் கொடுத்துவிட்டு ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக் கொண்டோம். ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் இதேதான் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் கழுத்தைப் பேசுவோம்.

நம் தொழிலே பார்த்துச் செய்கிற தொழில். வாடிக்கையாளர் அளவு பிளவுஸைக் கொண்டு வந்து மேஜையில் வைக்கிறார். அதை உள்பக்கம் திருப்பி, டாட் எங்கே முடிகிறது, பட்டி எத்தனை இன்ச், கை எங்கே சுருக்கம் வாங்குகிறது என்று பார்த்துத்தான் வெட்டுகிறோம். அந்த பிளவுஸைத் தைத்த டெய்லர் யார் என்று நாம் கேட்பதில்லை. நம் பிளவுஸைப் பார்த்து இன்னொருவர் வெட்டும்போது அவரும் கேட்பதில்லை. போனில் நடிகையின் படத்தைக் காட்டி “இதே மாதிரி வேணும்க்கா” என்பவருக்குத் தைத்துக் கொடுக்காத டெய்லர் யார்? பானைக் கழுத்தை முதலில் வெட்டியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. கட்டோரியும் போட் நெக்கும் பிரின்சஸ் கட்டும் அப்படியே. கை மாறிக் கை மாறி வந்ததால்தான் இவை நம்மிடம் இருக்கின்றன.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தன் நாடகத்தைப் பார்த்து ‘நியூ டெல்லி’ படத்தை எடுத்துவிட்டார்கள் என்று நாடகாசிரியர் வழக்குப் போட்டார். கருத்துக்கும் கருப்பொருளுக்கும் காப்புரிமை கிடையாது, அதை ஒருவர் எடுத்துச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்கள். 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் இன்னொன்றும் சொன்னார்கள்: உழைத்தேன் என்பது மட்டும் போதாது, கொஞ்சமாவது சொந்தப் படைப்புத் திறன் இருக்க வேண்டும். மார்புச் சுற்றளவை நாலால் வகுத்து, லூசும் தையலுக்கு விடுவதும் சேர்த்துக் கோடு போடுகிறோமே, அந்தக் கணக்கை என்னுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அதை என் டீச்சர் சொன்னார், அவருக்கு அவர் டீச்சர்.

தைத்து முடித்த உடையின் வடிவத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 2000-ம் ஆண்டின் டிசைன் சட்டம். அதில் பதிவு செய்தால் முதலில் பத்து ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு பாதுகாப்பு. பதிவு செய்யக் கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் தைத்துவிட்டால், அதன் மேல் இருந்த காப்புரிமையும் போய்விடும். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்வது இது. ரிது குமாரின் ரிதிகா நிறுவனம் பீபா நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2016-ல் இந்தப் பிரிவில்தான் அடிபட்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்தக் கதி. அதோடு, பதிவுக்குப் போகும் டிசைன் புதியதாக இருக்க வேண்டும். சேனலில் வீடியோ போட்டு ஆயிரம் பேர் பார்த்த பிறகு பதிவு செய்யப் போனால் அந்தப் புதுமையே போயிருக்கும்.

“ஆனால் அதைக் கற்றுக் கொடுத்தது நான்தானே” என்று சேனல் நடத்தும் தோழிகள் கேட்கலாம். அமெரிக்காவில் 1879-ல் தீர்ந்த கேள்வி இது. சார்லஸ் செல்டன் என்பவர் கணக்கு எழுதும் புது முறை ஒன்றைப் புத்தகமாகப் போட்டிருந்தார். பேக்கர் என்பவர் அதே மாதிரிக் கணக்குத் தாள்களை விற்றார். செல்டன் இறந்த பிறகு அவர் மனைவி பக்கம் வழக்குப் போட்டார்கள். புத்தகத்தில் விளக்கியிருக்கும் எழுத்து செல்டனுடையது, விளக்கப்பட்ட முறை எல்லாருக்கும் பொது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-ல் யோகா ஆசிரியர் பிக்ரம் சௌத்ரி தன் 26 ஆசனங்களின் வரிசைக்கு உரிமை கேட்டபோதும் அந்தப் பழைய தீர்ப்பைக் காட்டித்தான் மறுத்தார்கள். உங்கள் வீடியோ உங்களுடையது. அதை டவுன்லோடு செய்து இன்னொரு சேனலில் ஏற்றினால் தயங்காமல் புகார் கொடுங்கள். பார்த்துக் கற்றுக் கொண்டவள் தைக்கத்தான் செய்வாள். தன் மொழியில் மற்றவருக்குச் சொல்லியும் கொடுப்பாள். கற்றுக் கொடுத்தால் அப்படித்தானே ஆகும்?

ஆரி வேலையும் மெஷின் எம்பிராய்டரியும் கொஞ்சம் வேறு. மயிலும் மாங்காயும் யானையும் பொதுதான். ஆனால் ஒருத்தி உட்கார்ந்து, மயிலின் தோகை கைப் பட்டியில் வளைந்து ஏறுகிற மாதிரி வரைந்திருந்தால், அந்தக் கோடுகள் அவளுடைய ஓவியம். டிரேசிங் தாளில் அதை வரைந்து, ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் துணி மேல் தேய்த்து இறக்குகிறோம். துளை போட்ட அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து விற்பது வேறு, அதைப் பார்த்த உற்சாகத்தில் நீங்களாக ஒரு மயிலை வரைவது வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-ல் சியர்லீடர் உடை வழக்கில் இந்தக் கோட்டைத்தான் போட்டது. உடை மேல் இருக்கும் பட்டைகளும் கோண வடிவங்களும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் ஓவியமாக நிற்குமென்றால் பாதுகாப்பு உண்டு, உடையின் வெட்டுக்கும் வடிவத்துக்கும் அந்தப் பாதுகாப்பு போகாது. நம் நாட்டில் துணியில் இறங்கிய டிசைனுக்கு அந்த 50 தடவைக் கணக்கும் சேர்ந்து வரும். வரைந்த ஓவியத்தின் உரிமை அதோடு அழிந்துவிடுவதில்லை.

குழுவில் மிரட்டல் விடுகிறவர்கள் இதையும் தெரிந்து கொள்ள வேண்டும். உரிமையே இல்லாமல் “கேஸ் போடுவேன்” என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் நீதிமன்றம் போய் அதைத் தடுக்கவும், நஷ்டம் வந்திருந்தால் வாங்கவும் நம் காப்புரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. குழுவை விட்டுப் போன அந்தப் பெண்ணிடம் அன்றே இதைச் சொல்ல ஓர் ஆளாவது இருந்திருக்க வேண்டும்.

இனி அன்று மாலை குழுவில் வந்து விழுந்த அந்தப் பேட்டர்ன் தாளுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பிரின்சஸ் கட் பேட்டர்ன் ஒன்றை ஒருத்தி எப்படித் தயார் செய்கிறாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு சைஸுக்கு வரைகிறாள். காடா துணியில் தைத்து ஒருவருக்குப் போட்டுப் பார்க்கிறாள். முன்பக்கம் மார்புக்கு மேலே மடிப்பு விழுகிறது. வளைவை மாற்றி வரைந்து மறுபடி தைக்கிறாள். அது சரியான பிறகு மற்ற சைஸ்கள். ஒவ்வொரு சைஸுக்கும் மார்பு இரண்டு இன்ச் கூடும்போது எல்லாக் கோட்டையும் அதே கணக்கில் தள்ளிவிட முடியாது. மார்பு பெருக்கிற அளவுக்குத் தோள் பெருக்காது. தோளையும் சேர்த்து அகட்டினால், 42 சைஸ் போட்டவருக்குக் கழுத்து தோளை விட்டு வழுக்கி விழும். ஆர்ம்ஹோல் கொஞ்சம் ஆழமானால் கையின் மேல் வளைவும் அதே அளவு நீள வேண்டும். நடு முன்பாகமும் பக்க முன்பாகமும் சேர்கிற இரண்டு வளைவும் ஒவ்வொரு சைஸிலும் ஒரே நீளம் வருகிறதா என்று டேப்பைக் கோட்டின் மேலேயே நடத்திப் பார்க்க வேண்டும். கால் இன்ச் வித்தியாசம் இருந்தாலும் தைக்கும்போது ஒரு பக்கம் துணி மிஞ்சி நிற்கும். இவ்வளவும் முடிந்த பிறகு, ஏ4 தாள்களாகத் துண்டாக்கி, எந்தத் தாள் எதோடு ஒட்ட வேண்டும் என்று எண் போட்டு, இழை போகும் திசைக்கு அம்பு போட்டு, அச்சு அளவு சரியா என்று பார்க்க முதல் பக்கத்தில் ஓர் இன்ச் சதுரம் வைத்து, எந்த வரிசையில் தைப்பது என்று தமிழில் எழுத வேண்டும். சின்ன சைஸுக்கும் பெரிய சைஸுக்கும் ஆள் தேடி, தைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். வீட்டில் பிள்ளைகள் தூங்கின பிறகு செய்கிற வேலை. இதை அவள் நூறு ரூபாய்க்கும் நூற்றைம்பது ரூபாய்க்கும் விற்கிறாள்.

சைஸ் சைஸாகப் போடுவதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. 1863-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் ஊரில் எபினேசர் பட்டரிக் என்ற டெய்லர் அளவு வாரியாகக் காகிதப் பேட்டர்ன்களை விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்பும் பேட்டர்ன் விற்றவர்கள் இருந்தார்கள். வாங்கியவர்தான் தன் உடம்புக்குத் தகுந்தபடி அதைப் பெரிதாக்கிக் கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் சைஸை எடுத்து அப்படியே வெட்டலாம் என்று ஆன பிறகுதான் வீட்டுக்கு வீடு தையல் போனது. ஜெர்மனியில் ஆஃபன்பர்க் நகரத்தில் ஏன்னே பூர்டா நடத்திய பத்திரிகை 1952 முதல் பேட்டர்ன் தாளை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். நமக்கு வேண்டியதை டிரேசிங் தாளில் பிரித்து எடுக்க வேண்டும். வாங்கியவர் தனக்காக டிரேஸ் எடுப்பதற்கென்றே அச்சிட்ட தாள் அது.

சட்டம் இங்கே சுற்றி வளைக்கவில்லை. காப்புரிமைச் சட்டத்தில் ‘கலைப் படைப்பு’ என்பதில் வரைபடமும் சேரும். அழகாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தைக்கும் விளக்கம் எழுத்துப் படைப்பு. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, வரைந்து எழுதியவுடனே உரிமை வந்துவிடுகிறது. அவள் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது நிற்கும். வெளிநாட்டுப் பேட்டர்ன் என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928-லிருந்தே இருக்கிறது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒருத்தி வரைந்த தாளுக்கும் இங்கே அதே பாதுகாப்பு.

கோலப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். பதினைந்து புள்ளியில் தொடங்கி எட்டில் நிறுத்தும் முறை எல்லா வாசலுக்கும் பொது. அதற்காக ஒருவர் வரைந்து அச்சிட்ட புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் போட்டு வீடு வீடாகக் கொடுக்கலாம் என்று ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

குழுவில் இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். “காசு கொடுத்துத்தானே வாங்கினேன்.” வாங்கினீர்கள், சரி. கடையில் வாங்கிய பேட்டர்ன் தாளைத் தங்கைக்குக் கொடுங்கள், பழைய விலைக்கு விற்றும் விடுங்கள். சட்டம் தடுக்காது, ஏனென்றால் தாள் ஒன்றுதான், கை மாறுகிறது. மூலத் தாள் கிழியாமல் இருக்க உங்களுக்கென்று ஒரு நகல் எடுத்தாலும், சொந்த உபயோகம் என்று 52-வது பிரிவு அனுமதிக்கிறது. இருநூறு பேர் இருக்கும் குழுவில் ஃபார்வர்டு தட்டினால் இருநூறு புதிய நகல் பிறக்கிறது. உங்களுடையதும் உங்களிடமே இருக்கிறது. “கீழே அவங்க பேர் இருக்கே” என்பது இன்னொரு பதில். பெயர் இருப்பது நல்லதுதான், ஆனால் பெயரைப் போட்டதால் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது.

“ஏழைப் பெண்கள் கத்துக்கட்டுமே” என்ற பதில் இருக்கிறதே, அதைத்தான் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை. நூறு ரூபாய் சிலருக்குப் பெரிய பணம். லைனிங் பிளவுஸ் ஒன்று தைத்துக் கொடுத்து வாங்கிய கூலியில் அன்றைய பால், காய் வாங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேட்டர்னை வரைந்தவளும் அதே தெருவில்தான் இருக்கிறாள். அவளும் தைத்துப் பிழைத்தவள், முதுகு வலியால் மெஷினில் முன்பு போல் உட்கார முடியாமல் இந்த வேலைக்கு வந்தவள். ஒரு ஏழைக்கு உதவ இன்னொரு ஏழையின் கூலியை எடுத்துக் கொடுப்பதை உதவி என்று என்னால் ஏற்றுக் கொள்ள முடியவில்லை. உதவ வேண்டுமென்றால் வழி இருக்கிறது. அவளிடமே கேளுங்கள். முடியாதவர்களுக்குச் சும்மா கொடுங்களேன் என்று கேட்டு, கொடுக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாலு பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தேவைப்படும் ஒருத்திக்கு வாங்கிக் கொடுக்கவும் செய்யலாம்.

ஃபார்வர்டில் வருகிற பேட்டர்னால் தைப்பவர்களுக்கும் நஷ்டம்தான். 38 சைஸில் கை வளைவில் பிழை இருக்கிறது என்று தெரிந்தால், வரைந்தவள் திருத்தி, வாங்கியவர்களுக்குப் புதுத் தாள் அனுப்புவாள். சுற்றிக் கொண்டிருக்கும் பழைய தாளில் பிழை அப்படியே இருக்கும். ஸ்கிரீன் ஷாட்டும் போட்டோவும் இன்னும் மோசம். போனைச் சாய்த்து எடுத்த படத்தில் ஒரு பக்கக் கோடு குறுகியிருக்கும். அதைப் பார்த்து வாடிக்கையாளரின் பட்டுத் துணியை வெட்டியவர்கள் அழுதுகொண்டே குழுவில் போட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

பயமுறுத்த எழுதவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். போட்டித் தேர்வுக்கு வகுப்பெடுக்கும் நீது சிங் என்ற ஆசிரியை, தன் பாடங்களையும் புத்தகங்களையும் டெலிகிராம் சேனல்களில் பரப்புகிறார்கள் என்று வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் போன் எண் உள்ளிட்ட விவரங்களைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. புனைபெயரில் சேனல் நடத்துவதால் மறைந்து கொள்ள முடியாது என்று அன்றே தெரிந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம், நிட் ப்ரோ இன்டர்நேஷனல் வழக்கில், தெரிந்தே காப்புரிமையை மீறும் 63-வது பிரிவுக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யாதவருக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ‘500 பேட்டர்ன் 99 ரூபாய்’ என்று மற்றவர்களின் தாள்களை மூட்டையாக விற்கிறவர்கள் அந்த இடத்தை நம்ப முடியாது. அவர்களிடம் வாங்காதீர்கள். அந்த மூட்டையில் இருப்பது உங்களைப் போன்றவர்களின் ராத்திரி வேலை.

பேட்டர்ன் விற்கும் தோழிகளே, உங்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும்.

“இந்தப் பேட்டர்னில் தைத்ததை விற்கக் கூடாது” என்று கடைசிப் பக்கத்தில் எழுதுகிறீர்கள். மேல்நாட்டுப் பேட்டர்ன்களில் பார்த்துப் பழகிய வரி அது. இங்கிலாந்தின் 1988-ம் ஆண்டுச் சட்டத்தில் 51-வது பிரிவு, டிசைன் வரைபடத்தைப் பார்த்து அந்தப் பொருளைச் செய்வது, பொருள் கலைப் படைப்பாக இல்லாதவரை, வரைபடத்தின் காப்புரிமையை மீறுவது ஆகாது என்று நேராகவே சொல்கிறது. நம் சட்டத்தில் அவ்வளவு வெளிப்படையான வரி இல்லைதான். ஆனாலும் தைப்பதற்கென்று விற்ற தாளை வாங்கி ஒருத்தி தைத்தால், வாங்கிய காரியத்தைத்தானே செய்கிறாள்? உங்களிடம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தைத்துப் பிழைப்பவர்கள். அப்படி ஒரு நிபந்தனை வேண்டுமென்றே நினைத்தால், பணம் வாங்குவதற்கு முன்பு சொல்லுங்கள், பிடிக்காதவர் விலகிக் கொள்வார். பணம் போன பிறகு இருபதாவது தாளில் படிக்க வைப்பது சரியில்லை. ஜெர்மன் பத்திரிகைக்காரர்களின் பூர்டாஸ்டைல் தளம் 2007-ல் தொடங்கியபோது, எங்கள் பேட்டர்னை மாற்றலாம், தைத்ததை விற்கலாம் என்று அறிவித்துக் கொண்டுதான் ஆட்களைச் சேர்த்தது. நீங்களும் முதல் பக்கத்திலேயே எழுதலாமே: தைத்து விற்கலாம், தாளை மட்டும் பகிராதீர்கள் என்று. அந்த ஒரு வரியால் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

சாதாரண நாலு டாட் பிளவுஸ் பிளாக்கை வரைந்து வைத்துக்கொண்டு, அதே போல் வரைகிற எல்லாரையும் திருடி என்று சொல்லாதீர்கள். ஒரே ஃபார்முலாவில், ஒரே அளவுக்கு வரைந்தால் கோடு ஒரே மாதிரிதான் வரும். உங்கள் தாளை நகல் எடுத்தார்களா, தாங்களே வரைந்தார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நகல் என்றால் உங்கள் எண்களும், எழுத்துப் பிழையும், நீங்கள் போட்ட அடையாளங்களும் அங்கே அப்படியே இருக்கும்.

இன்னொன்று, கேட்கிற விதம். 2000-களின் நடுவில் அமெரிக்காவில் எம்பிராய்டரி டிசைன் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்து, இணையத்தில் மலிவாக டிசைன் வாங்கிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பின. வாங்கியவர்களில் பலருக்கு அது போலி என்றே தெரியாது. அவர்கள் ஓர் இணையக் குழுவில் கூடி இதைப் பற்றிப் பேச, பேசியவர்கள் யார் யார் என்று கேட்டு 2006-ல் அந்தக் கூட்டமைப்பு நீதிமன்றம் வரை போனது. எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு பெண்கள் பக்கம் நின்றது. அந்த நிறுவனங்களின் டிசைன்கள் திருடப்பட்டது உண்மை. ஆனால் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும், தெரியாமல் வாங்கிய வாடிக்கையாளர்களையே மிரட்டியதால் கெட்ட பெயர்தான் மிஞ்சியது. உங்கள் பிடிஎஃப் ஒரு குழுவில் கிடப்பதைப் பார்த்தால் முதலில் அட்மினுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். போட்டவளின் பெயரையும் படத்தையும் உங்கள் பக்கத்தில் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். பல பேர் நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள்.

அட்மின்களுக்குச் சொல்ல அதிகமில்லை. உறுப்பினர் போட்ட ஒன்றுக்காக அட்மின் என்ற ஒரே காரணத்தால் தன் மேல் வழக்கு வருமோ என்று பயந்து குழுவை மூடிய ஒருவரை எனக்குத் தெரியும். கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு பற்றிய வழக்கில், வெறும் அட்மினாக இருந்தது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அது காப்புரிமை வழக்கு இல்லை, ஆனாலும் உங்கள் பயத்தைக் குறைக்கும். தெரிந்தும் விட்டு வைப்பதும், நீங்களே கேட்டு வாங்கிப் போடுவதும் வேறு விஷயம். விலைக்கு விற்கும் தாள் வந்தால் நீக்குங்கள், போட்டவருக்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள், வாங்கும் இடத்தின் லிங்க்கைக் குழுவில் போடுங்கள். கழுத்து டிசைனுக்காக யாராவது யாரையாவது மிரட்டினால், மிரட்டுகிறவரை நிறுத்தச் சொல்லுங்கள். புதிதாக வந்த பெண்ணை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள்.

குழுக்களில் இலவசமாகப் பகிர நல்ல தாள்கள் குறைவாக இருக்கின்றன என்பது உண்மை. அந்தக் குறைதான் பாதி ஃபார்வர்டுகளுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் நான் வகுப்பில் பயன்படுத்தும் நாலு டாட் பிளவுஸ் பேட்டர்னை 28 முதல் 44 சைஸ் வரை பிடிஎஃப் ஆக்கி வருகிறேன். இந்த மாதக் கடைசியில் எல்லாக் குழுக்களிலும் போடுகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், வகுப்பில் கொடுங்கள், தைத்து விற்றுக் கொள்ளுங்கள். தாளை மட்டும் விலைக்கு விற்காதீர்கள். 40-க்கு மேல் உள்ள சைஸ்களில் கை வளைவைக் காடா துணியில் தைத்துப் பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்படுகிறது. முடிந்தவர்கள் உங்கள் சைஸைக் குறிப்பிட்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். துணிச் செலவை நான் தருகிறேன். சம்மதித்தால் உங்கள் பெயரையும் தாளில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தையல் டீச்சர்